உறுதி இருந்தவனுக்குத் தாமதம், உறுதி இல்லாதவனுக்கு ஒன்றுமில்லை

(ஹட்டனில் நடைபெற்ற நமது சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் பிரதிநிதிகள் கூட்டத்தில், புங்குடுதீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே தருகிறோம்.)



கடலுக்கு நடுவில் இருக்கிற ஊர்க்காரனுக்கு மலையில் என்ன வேலை என்று நீங்கள் யோசிக்கலாம். புங்குடுதீவுக்கும் மலைநாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் குறைவு. மழையை நம்பித்தான் பயிர். அதனால் ஆண்கள் கடை போடப் புறப்பட்டார்கள். கொழும்பில் மட்டுமல்ல, தோட்டங்களைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன நகரங்களிலும் எங்கள் ஊரார் கடை வைத்திருந்தார்கள். உங்கள் பாட்டன்மார் கொப்பிக்கு அரிசி, கருவாடு வாங்கிய கடைகளில் சிலவற்றின் முதலாளிமார் எங்கள் தீவைச் சேர்ந்தவர்கள்.

என் அப்பாவும் அப்படி ஒரு கடைக்காரர். பதுளை மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் பலசரக்குக் கடை. கடையில் உதவிக்கு, பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து வந்த ஒரு பையன் இருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இன்று அந்த அண்ணனின் கதையையும் என் கதையையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன். ஒரே யுத்தம் இரண்டு பேர் வீட்டையும் உடைத்தது. ஆனால் ஈடு கேட்கப் போன இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை. அது ஏன் என்பதுதான் என் பேச்சு.

எரிந்த கடை, உடைந்த வீடு

1983 ஜூலையில் எங்கள் கடை எரிந்தது. அப்பாவும் அண்ணனும் உடுத்த துணியோடு தப்பினார்கள். அண்ணனின் குடும்பம் இருந்த லயத்தையும் கும்பல் விட்டுவைக்கவில்லை. அந்த வருடம் அரசாங்கம் அவசரகால விதிகளின் கீழ் ஒரு புனர்வாழ்வு அதிகாரசபையை அமைத்தது. சேதமான சொத்துகள் முதலில் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டன. பிறகு உரியவர் விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். அப்பா கணக்குக் கொப்பிகள் எரிந்த நிலையில் நினைவிலிருந்து ஒரு பட்டியல் எழுதினார். அந்தக் காகிதத்தின் பிரதி இன்றும் என்னிடம் இருக்கிறது. காசு வரவில்லை. அண்ணன் பட்டியல் எழுதவே இல்லை. லயக் காம்பரா அவருடையதல்லவே! பாத்திரம், பெட்டி, இரண்டு ஆடு. அதற்கெல்லாம் ஒரு படிவம் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

அப்பா ஊருக்குத் திரும்பும்போது அண்ணனையும் அவருடைய தாயாரையும் கூட்டிவந்தார். எங்கள் வளவின் மூலையில் ஒரு கொட்டில் போட்டு இருந்தார்கள். "கிணற்றடிக்குத் தெற்காலே 2 பரப்பு உன் பேரில் எழுதித் தாறன்" என்று அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. 2 பரப்பு என்றால் உங்கள் கணக்கில் 20 பேர்ச். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நான் நீண்ட காலம் சொல்லி வந்தேன். உண்மை அதுவல்ல. மலைநாட்டிலிருந்து வந்தவருக்கு வளவில் துண்டு எழுதினால் ஊரார் என்ன சொல்வார்கள் என்று யோசித்தார். இதை உங்கள் முன்னால் ஒளிக்க விரும்பவில்லை.

இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் கிளிநொச்சிப் பக்கம் போனார். 1977 கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் தோட்டங்களை விட்டு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியிருந்தன. அவரும் ஒரு துண்டை வெட்டித் துப்புரவாக்கினார். அனுமதிப் பத்திரம் இல்லை. வயல்களில் கூலி வேலை செய்து, கல்யாணம் முடித்து, மண் சுவரைக் கல் சுவராக்க அவருக்குப் பத்து வருடம் பிடித்தது.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 1991 அக்டோபரில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது புங்குடுதீவு ஏறக்குறைய முழுதாக வெளியேறியது. குண்டுச் சத்தத்துக்கு நடுவில் வள்ளங்களில் ஏறி யாழ்ப்பாணக் கரைக்கு வந்தோம். நான்கு வருடம் கழித்து, 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமமே வெளிக்கிட்டபோது நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். அம்மா அந்த இடப்பெயர்வில்தான் காலமானார்.

2002 யுத்த நிறுத்தத்துக்குப் பிறகு ஊருக்குப் போய் வீட்டைப் பார்த்தேன். கூரையில் ஓடு இல்லை, மரமும் இல்லை. கதவு, யன்னல், நிலை எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. குண்டு விழுந்த பக்கத்துச் சுவர் தரையோடு. அறைக்குள் ஆலங்கன்று ஒன்று என் உயரத்துக்கு நின்றது. இன்றைக்கும் குறிகட்டுவானுக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால், அப்படி மரம் முளைத்த வீடுகள் வீதியோரம் இருப்பதைக் காணலாம். அந்த வீட்டுக்காரர்கள் பலர் கனடாவிலும் பிரான்ஸிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள்.

அரசாங்கம் என்ன கொடுத்தது?

இதைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் "தமிழருக்கு நட்டஈடு கொடுத்தாயிற்றே" என்று சொல்பவர்களும் உண்டு, "ஒன்றுமே கொடுக்கவில்லை" என்று சொல்பவர்களும் உண்டு.

1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் ஆட்கள், ஆதனங்கள், கைத்தொழில்கள் புனர்வாழ்வு அதிகாரசபை அமைக்கப்பட்டது. உயிரிழப்பு, காயம், வீட்டுச் சேதம், கடைச் சேதம் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் அங்கேதான். ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்ச வரம்பு இருந்தது. வீட்டின் உண்மையான பெறுமதி எவ்வளவாக இருந்தாலும் வரம்புக்கு மேல் போகாது. பணம் வருடாந்த ஒதுக்கீட்டைப் பொறுத்தது. ஒதுக்கீடு முடிந்தால் கோப்பு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

அதைவிட மக்கள் கையில் அதிகம் வந்தது வீடமைப்பு உதவித் திட்டங்களால். உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த வடக்கு கிழக்கு வீடமைப்புத் திட்டத்தில், முழுதாகச் சேதமான வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதிச் சேதத்துக்கு 100,000 ரூபா. யுத்தம் முடிந்த பிறகு இந்திய அரசாங்கத்தின் 50,000 வீட்டுத் திட்டம் வந்தது. அதில் 46,000 வடக்கு கிழக்குக்கு. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. மீதி 4,000 வீடுகள் உங்கள் மலையகத்துக்கு. பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இந்தத் திட்டங்களால் வீடு கண்ட குடும்பங்கள் ஆயிரம் ஆயிரம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, காசு கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் போட்டுக் காட்டினால்தான் அடுத்த பங்கு. கையில் ஒன்றும் இல்லாதவர் நகையை அடகு வைத்து, கடன்பட்டு அந்தக் கட்டத்தை முடிக்க வேண்டும். வீடு எழும்பியது, கூடவே கடனும் எழும்பியது. இரண்டு, இவை பெரும்பாலும் வெளிநாட்டுக் காசு. குண்டு போட்டவர்கள் பொறுப்பேற்றுக் கொடுத்தது அல்ல. மூன்று, காணி யாருடையது என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் பட்டியலில் பேர் வருவதே கடினம்.

இரண்டு விண்ணப்பம்

நான் விண்ணப்பித்தேன். உறுதி அம்மாவின் பேரில், சீதன உறுதி. பெட்டியோடு போய்விட்டது. காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுத்தேன். அம்மாவின் மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். இடப்பெயர்வில் நடந்த மரணத்தைப் பதியவே ஒரு வருடம் ஓடியது. தங்கை வெளிநாட்டில். அவளிடமிருந்து அற்றோணித் தத்துவம் எடுத்தேன். கணக்கெடுக்க வந்தவர், அத்திவாரமும் மூன்று சுவரும் நிற்பதால் பகுதிச் சேதம் என்று எழுதினார். கூரையில்லாமல் பத்து வருட மழையில் நனைந்த சுவர் அது. ஆனாலும் சொல்கிறேன், கடைசியில் எனக்குக் கிடைத்தது. தாமதமாக, குறைவாக. ஆனால் கிடைத்தது. காரணம், எங்கோ ஓர் அலுமாரியில் எங்கள் காணியின் பேர் எழுதப்பட்டிருந்தது.

அண்ணனின் வீடு கடைசி யுத்தத்தில் போனது. 2008 முடிவில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, இடத்துக்கு இடம் நகர்ந்து, மாத்தளனில் கடைசி மகனைப் பறிகொடுத்து, செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார். 2010இல் ஊருக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் சிலாப்புத் துண்டுகளும் கிணறும்தான் மிச்சம். தறப்பாளும் தகரமும் கிடைத்தன. நிரந்தர வீட்டுப் பட்டியல் வந்தபோது பேர் இல்லை. அவர் இருந்த துண்டுக்கு அனுமதிப் பத்திரம் இல்லை. பக்கத்துத் துண்டுகளில் சில, எப்போதோ யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட காணிகள். சொந்தக்காரர் வெளிநாட்டில். இருபத்தைந்து வருடம் அந்த மண்ணில் வியர்வை சிந்தியவர்களுக்குக் காகிதம் இல்லை. மண்ணை ஒரு நாளும் மிதிக்காதவர்களுக்குக் காகிதம் உண்டு.

அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, எனக்கு எழுத வராது. நீங்க வந்து எழுதித் தாங்க. வீடு இருந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க, போதும்." போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் உட்கார்ந்து எழுதினேன். "காணியின் உரிமை" என்ற கட்டத்துக்கு வந்ததும் என் கை நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அப்பா எழுதித் தராத 2 பரப்பு எனக்கு அப்போதுதான் கண்ணில் தெரிந்தது.

நட்டஈடு வேறு, நிவாரணம் வேறு

தோழர்களே, இங்கே தொழிற்சங்கக்காரர்களுக்கு ஒரு வித்தியாசம் சட்டென்று விளங்கும். மலையில் குளவி கொட்டி ஒரு தாய் விழுந்துவிட்டால் நீங்கள் கம்பனியிடம் தயவு கேட்பதில்லை. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. வேலைநேரத்தில் வேலையால் வந்த காயம், கொடுக்க வேண்டியது கொடுப்பவரின் கடமை. அது நட்டஈடு. துரை தன் கையிலிருந்து 2,000 ரூபா கொடுத்து "வைத்துக்கொள்" என்றால் அது உதவி. உதவியை அவர் நினைத்தால் கொடுப்பார், நினைக்காவிட்டால் விடுவார். நட்டஈட்டை அப்படி விட முடியாது.

யுத்தத்தில் வீடிழந்தவர்களுக்கு இந்த நாடு பெரும்பாலும் கொடுத்தது உதவி. "உன் வீடு எங்கள் நடவடிக்கையால் உடைந்தது, அதற்கு ஈடு இது" என்ற சொல் எந்தக் கடிதத்திலும் இல்லை.

இதோடு ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 மே 9ஆம் திகதி நடந்த கலவரத்தில் பல அரசியல்வாதிகளின் வீடுகள் எரிக்கப்பட்டன. அவர்களில் 43 பேருக்கு 120 கோடி ரூபாவுக்கும் மேல் நட்டஈடு கொடுக்கப்பட்டதாக 2025 பெப்ரவரியில் பாராளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. வீடு எரிந்தவர் யாராக இருந்தாலும் ஈடு கேட்கலாம். அதை நான் மறுக்கவில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு 2 கோடி 75 இலட்சத்துக்குக் குறையாது. 550,000 ரூபாப்படி அந்த ஒருவரின் பங்கில் 50 வீடு கட்டலாம். அவர்களுக்குச் சீக்கிரமாகவும் கிடைத்தது. காசு இல்லை என்பது எப்போதும் முழுக் காரணம் அல்ல என்பதற்கு இது சாட்சி.

மற்ற நாடுகள்

இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டன் மீது ஜேர்மன் விமானங்கள் குண்டு வீசியபோது, யுத்தம் முடியும்வரை பிரித்தானியா காத்திருக்கவில்லை. 1941இலேயே யுத்தச் சேதச் சட்டம் கொண்டுவந்து, அதற்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. திருத்தக்கூடிய வீட்டுக்குத் திருத்தும் செலவையே அடிப்படையாக எடுத்தார்கள்.

1990இல் குவைத்தை ஈராக் பிடித்த பிறகு, ஐக்கிய நாடுகள் சபை ஒரு நட்டஈட்டு ஆணைக்குழுவை அமைத்து, ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக் கொடுத்தது. 2022இல் முடியும்போது மொத்தம் ஏறக்குறைய 5,240 கோடி டொலர். அங்கே வேலை செய்துவிட்டு ஓடிவந்த சாதாரண ஆட்களின் கோரிக்கைகளை முதலில் எடுத்தார்கள். அவர்களிடம் பெரிய ஆவணம் கேட்கவில்லை. அந்த நேரம் அங்கே இருந்தார், வெளியேறினார் என்று காட்டினால் ஒரே அளவான தொகை. இலங்கையிலிருந்து போன பணிப்பெண்களும் அதில் விண்ணப்பித்தார்கள். காகிதம் இல்லாத ஏழைக்கு எப்படி ஈடு கொடுப்பது என்பதற்கு வழி இருக்கிறது என்று இது காட்டுகிறது. யுக்ரேனில் யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, 2023இல் சேதப் பதிவேடு ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். காசு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பதிவு மட்டும் இன்றே.

நாம் செய்ய வேண்டியது

இப்போது நமது நாட்டில் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் இருக்கிறது. அந்தச் சட்டம் வடக்கு கிழக்கு யுத்தத்தை மட்டும் சொல்லவில்லை. அரசியல் குழப்பத்தாலும் கலவரத்தாலும் பாதிக்கப்பட்டவர்களையும் சொல்கிறது. அப்படியானால் 1977இலும் 1983இலும் லயம் எரிந்து வன்னிக்கு ஓடிய உங்கள் சொந்தக்காரர்களின் கதை அந்தச் சட்டத்துக்கு வெளியில் இல்லை. பழைய இழப்புக்கெல்லாம் நாளைக்கே காசு வரும் என்று நான் ஆசை காட்டவில்லை. கேட்டு எழுதிப் பதிலை எழுத்தில் வாங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஆகவே இந்தச் சங்கத்திடம் நான்கு வேண்டுகோள்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி திறக்க வேண்டும். வன்னிக்குப் போன குடும்பம் எது, எந்த வருடம், எந்த லயத்திலிருந்து, இப்போது எங்கே? வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, இரண்டு சாட்சியின் கையெழுத்து எடுங்கள்.

இரண்டாவது, உறுதி இல்லாதவரின் காகிதங்கள். பழைய வாக்காளர் இடாப்பு, பிள்ளையின் பாடசாலை அனுமதிப் பதிவு, கிளினிக் கொப்பி, சேமலாப நிதித் துண்டு, கோயில் அல்லது தேவாலயப் பதிவு. இவை ஒவ்வொன்றும் "இவர் இந்த இடத்தில் இருந்தார்" என்று சொல்லும். அண்ணனின் மூத்த மகள் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த பதிவில் விலாசம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வருடம் எடுத்தது. நீங்கள் இன்றே எடுத்து, பிரதி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஒரே பெட்டியில் வைத்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். அது என் அனுபவம்.

மூன்றாவது, 7 பேர்ச். வீடு கட்டிக் குடியிருந்தும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கும். சாவி கொடுக்கும் விழாவில் படம் எடுக்கிறார்கள். உறுதியைக் கேளுங்கள். அது கணவன் மனைவி இருவர் பேரிலும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். மண்சரிவோ தீயோ வந்து லயம் போனால், "கட்டடம் தோட்டத்துக்குச் சொந்தம்" என்ற பதில் உங்களுக்குப் புதிதல்ல. என் அண்ணனுக்கு வன்னியில் கிடைத்த பதிலும் அதே பதில்தான்.

நான்காவது, விலாசம். பல லயங்களுக்குத் தனி விலாசம் இல்லை, கடிதம் தோட்டக் கந்தோருக்குத்தான் வருகிறது. ஈடு கோரிய ஆளுக்குப் போகும் கடிதம் கந்தோர் மேசையில் கிடந்தால் தவணை தப்பிவிடும். லயத்துக்கும் வீட்டுக்கும் இலக்கம் கேளுங்கள். சிறிய விடயம் மாதிரித் தெரியும். ஆனால் விலாசம் இல்லாதவரை அரசாங்கம் தேடி வராது.

முடிக்கிறேன். போன வருடம் தங்கையோடு கதைத்து, கிணற்றடிக்குத் தெற்காலே உள்ள 2 பரப்பை அண்ணன் பேரில் எழுத முடிவு செய்தோம். நாற்பது வருடம் பிந்திப்போன விடயம். கிளிநொச்சிக்குப் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "காணியத் தாங்க தம்பி, வேணாங்கல. பேத்தி பேர்ல எழுதுங்க. ஆனா அங்க வந்து இருக்க மாட்டேன். என் வீடு இங்கதான் இருந்துச்சு. அதுக்கு ஒரு பதில் வாங்கித் தாங்க."

உறுதியை எழுதியாயிற்று. அந்தப் பதிலைத் தனியொருவனாக என்னால் வாங்க முடியாது. அதற்குச் சங்கம் வேண்டும். அதனால்தான் இன்றைக்கு இந்த மலை ஏறி வந்தேன்.